பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ஒரு சிவப்பு இலையும் ஒரு வெள்ளைப் பூவும்



போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி பெங்களூரிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். (எந்த பேட்ச், என்ன பெயர் என்று யாரும் கமென்ட்டில் துருவ வேண்டாம்.) அடுக்குமாடி வீட்டு ஹால். ஜன்னலோரத் தொட்டியில் சிவப்பு இலைகளோடு பாயின்செட்டியா. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கிறிஸ்துமஸ் சமயத்தில் பார்த்திருப்பீர்களே, அந்தச் செடிதான். சாப்பாட்டு மேஜைமேல் கண்ணாடிச் சாடியில், கல்யாண நாளுக்கு யாரோ கொடுத்த வெள்ளை லில்லிப் பூங்கொத்து. சாடியை ஒட்டி அவள் வளர்க்கும் பூனை மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. "டீச்சர், இந்தச் சிவப்புச் செடி பூனைக்கு விஷம்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

உடனே போன் போட்டேன். "செடி கிடக்கட்டும்மா. முதல்ல அந்தப் பூச்சாடியை வீட்டை விட்டு வெளியே வை. மேஜையைத் துடை. பூனை உடம்புல மஞ்சளா தூள் ஒட்டியிருக்கான்னு பாரு" என்றேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. பூனை இப்போதும் நலம்தான்.

போனில் இரண்டே நிமிடத்தில் சொன்னதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. சரித்திரப் பாடம் எடுத்தவளுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்பார்களே, அந்தப் பழமொழிக்கு இந்த இரண்டு செடிகளை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். கொஞ்சம் நீளம்.

முதலில் சிவப்புச் செடி.

இதன் தாய்நாடு மெக்சிகோ. அங்கே ஆஸ்டெக் மக்கள் தங்கள் நாவாட்டில் மொழியில் இதற்குப் பெயர் வைத்து வளர்த்து வந்தவர்கள். நாம் பூ என்று நினைக்கும் சிவப்பு, உண்மையில் பூ அல்ல, நிறம் மாறிய இலை. பூ நடுவில் மஞ்சளாய்ச் சின்னதாக இருக்கும். 1825-ல் அமெரிக்காவின் முதல் தூதராக மெக்சிகோ போனவர் ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட். தூதர் வேலையை விட அந்த நாட்டு அரசியலில் மூக்கை நுழைப்பதில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம். கடைசியில் மெக்சிகோ அரசே அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல்லும்படி ஆயிற்று. ஆனால் மனிதர் செடிப் பிரியர். 1828 வாக்கில் இந்தச் செடியைத் தன் சொந்த மாநிலமான தென் கரோலினாவுக்கு அனுப்பி வைத்தார். செடி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நூற்றாண்டுகளாக வளர்த்தவர்கள் வைத்த பெயர் போய், மூன்று நான்கு வருஷம் இருந்துவிட்டுப் போனவர் பெயர் நிற்கிறது. காலனி காலத்து வரைபடங்களில் எத்தனையோ ஊருக்கு நடந்ததுதானே இது!

இருபதாம் நூற்றாண்டில் கலிபோர்னியாவில் எக்கே என்ற குடும்பம் இதைப் பெரிய வியாபாரமாக வளர்த்தது. கிறிஸ்துமஸ் என்றால் பாயின்செட்டியா என்று அமெரிக்க வீடுகளில் வழக்கமானது அவர்களால்தான்.

இப்போது பழிக்கு வருவோம். 1919-ல் ஹவாயில் ஒரு ராணுவ அதிகாரியின் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பாயின்செட்டியா இலையைத் தின்றதால்தான் இறந்தது என்று பேச்சு கிளம்பியது. பார்த்த சாட்சி இல்லை. வாய்வழியாகப் பரவிய அந்தப் பேச்சு, 1944-ல் ஹவாயின் நச்சுச் செடிகள் பற்றிய ஒரு புத்தகத்தில் அச்சேறியது. அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் என்ன? ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம், அதைப் பார்த்துப் பத்திரிகை. கேள்விப்பட்டதைத்தான் எழுதினேன் என்று அந்த நூலாசிரியரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் கதை அவர் கையை விட்டுப் போயிருந்தது.

நம்மூர் ஆட்களும் இந்தக் கதையைச் சுலபமாக நம்பியிருப்பார்கள். பாயின்செட்டியா ஆமணக்குக் குடும்பம், நம் கள்ளிக்குப் பங்காளி. கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் பங்காளி செய்த குற்றத்துக்கு இவனை உள்ளே தள்ள முடியுமா?

1970-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு இந்தச் செடியை அளவுக்கு மீறிக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சோதனையை வைத்துப் போட்ட கணக்குப்படி, 50 பவுண்டு எடையுள்ள ஒரு குழந்தை, அதாவது நம் கணக்கில் சுமார் 23 கிலோ, 500 இலைக்கு மேல் தின்றால்கூட ஆபத்தான அளவை எட்டாது. 1996-ல் வந்த ஆய்வு இன்னும் பெரியது. அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த 22,793 பாயின்செட்டியா சம்பவங்களை எடுத்து அலசினார்கள். ஒரு சாவுகூட இல்லை. நூற்றுக்கு 92 பேருக்கு மேல் எந்த அறிகுறியும் இல்லை. பூனை கடித்தாலும் கொஞ்சம் எச்சில் வடியும், வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். 1919-லிருந்து 1996 வரை 77 வருஷம் கழித்துத்தான் முழு விடுதலை. ஆனால் தீர்ப்பு இன்னும் வாட்ஸ்அப் வரை வந்து சேரவில்லை.

அடுத்தது வெள்ளைப் பூ.

ஈஸ்டர் லில்லி என்று சொல்லும் நீண்ட குழல் போன்ற வெள்ளைப் பூவின் சொந்த ஊர் ஜப்பானின் தெற்கே இருக்கும் ரியூக்யூ தீவுகள். ஒகினாவா என்றால் இரண்டாம் உலகப் போர்ப் பாடம் ஞாபகம் வருகிறதா? அந்த ஒகினாவா இந்தத் தீவுக்கூட்டத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பியத் தாவர நூல்களில் இதைப் பதிவு செய்தவர் துன்பெர்க் என்ற சுவீடன்காரர், 1794-ல். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஐரோப்பாவில் வேறொரு வெள்ளை லில்லி தூய்மையின் அடையாளமாக இருந்து வந்தது. கன்னி மரியாளுக்குத் தேவதூதர் நற்செய்தி சொல்லும் பழைய ஓவியங்களைப் பாருங்கள், எத்தனையோ படங்களில் கபிரியேல் கையில் ஒரு லில்லிக் கொம்பு இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த இந்தப் பெரிய பூ அந்தப் பெருமையைச் சுவீகரித்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலில் இருக்கும் பெர்முடா தீவில் பயிரானது. அங்கே நோய் தாக்கியதும் ஜப்பானியக் கிழங்குகள் சந்தையைப் பிடித்தன.

1919-ல், கவனியுங்கள், ஹவாயில் அந்தப் புரளி பிறந்த அதே 1919-ல், லூயிஸ் ஹூட்டன் என்ற போர்வீரர் முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பும்போது ஒரு பெட்டி நிறைய லில்லிக் கிழங்குகளை அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரைக்குக் கொண்டுவந்து நண்பர்களுக்குக் கொடுத்தார். பொழுதுபோக்காக ஆரம்பித்த சாகுபடி. 1941-ல் பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்ததும் ஜப்பானிலிருந்து கிழங்கு வருவது நின்றது. ஓரிகன்காரர்கள் கையில் இருந்த கிழங்கின் விலை ஏறி, அதற்கு "வெள்ளைத் தங்கம்" என்றே பெயர் வந்தது. 1945-க்குள் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை நெடுகச் சுமார் 1,200 பேர் பயிரிட்டார்கள். இன்று ஓரிகனும் கலிபோர்னியாவும் சேரும் எல்லையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பண்ணைகளில்தான் அமெரிக்காவுக்கு வேண்டிய ஈஸ்டர் லில்லிக் கிழங்கு அநேகமாக முழுவதும் விளைகிறது.

இப்படிப் பலிபீடத்திலும் விருந்து மேஜையிலும் உட்கார்ந்திருந்த இந்தப் பூவின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் இந்தப் பூ பூனைக்கு எமன். ஒரு இலை, இரண்டு இதழ் போதும். மகரந்தம் உடம்பில் ஒட்டி, பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும்போது வயிற்றுக்குள் போனாலும் போதும். சாடித் தண்ணீரைக் குடித்தாலும் ஆபத்துதான். சில மணி நேரத்தில் வாந்தி வரும். பிறகு சற்றுத் தெளிந்தது மாதிரி இருக்கும். அதுதான் ஏமாற்று. ஒன்று முதல் மூன்று நாளைக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். ஈஸ்டர் லில்லி மட்டுமல்ல, லிலியம் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஏசியாட்டிக், ஓரியண்டல், டைகர் லில்லிகளும், டே லில்லி என்று விற்பதும் இதே கணக்குத்தான். நாய் தின்றால் வயிற்றுக் கோளாறோடு தப்பித்துவிடும். பூனைக்கு மட்டும் ஏன் இப்படி, அந்த நச்சுப் பொருள்தான் எது என்பதை விஞ்ஞானிகள் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

இதைக் கால்நடை மருத்துவ உலகம் தெளிவாகப் பதிவு செய்தது எப்போது தெரியுமா? 1990-களின் தொடக்கத்தில்! உங்களில் பலர் அப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருந்தீர்கள்.

புரளியில் பிறந்த பழி உடனே பரவுகிறது. நிஜமான விஷம் இத்தனை காலம் கண்ணில் படாமல் போகிறது. ஏன் என்று கேட்டால், செடியை விட்டுவிட்டுப் பூனையின் சரித்திரத்தையும் வீட்டின் சரித்திரத்தையும் பார்க்க வேண்டும்.

செடி வீட்டுக்குள் வந்த கதை முதலில். லண்டனின் கிழக்குப் பகுதியில் நத்தானியல் வார்டு என்று ஒரு டாக்டர் இருந்தார். பெரணி வளர்க்க ஆசை, ஆனால் நிலக்கரிப் புகையில் எல்லாம் கருகிப் போகும். 1829-ல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு மூடிய கண்ணாடி பாட்டிலில் வைத்தார். பூச்சி என்ன ஆயிற்றோ, அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் புல்லும் முளைத்தன. மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகித் திரும்பத் திரும்ப மண்ணுக்கே வருவதால் செடி பிழைக்கிறது என்று மனிதர் கண்டுகொண்டார். 1833-ல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்து சிட்னிக்குக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார். மாதக்கணக்கில் கடலில் போயும் செடிகள் நன்றாகவே இருந்தன. அதுவரை கடல்காற்றில் உப்பும் வெயிலும் பட்டு வழியிலேயே செத்துக்கொண்டிருந்தவை, வார்டின் பெட்டிக்குப் பின் கண்டம் விட்டுக் கண்டம் தாண்டின. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளை இமயமலைக்குக் கடத்திவந்ததும் இந்தப் பெட்டியில்தான். 1845-ல் பிரிட்டனில் கண்ணாடிக்கு இருந்த வரி ஒழிந்ததும், வெப்பமண்டலச் செடிகளை வீட்டுக்குள் வைத்து அழகு பார்ப்பது நடுத்தரக் குடும்பங்களுக்கும் கைக்கு எட்டியது.

அப்படி வந்தவற்றில் முக்கியமான கூட்டம் சேம்புக் குடும்பம். டிஃபன்பேக்கியா, பிலோடென்ட்ரான், நம் வீடுகளில் கட்டாயம் இருக்கும் மணி பிளான்ட், பீஸ் லில்லி எல்லாம் ஒரே வம்சம். டிஃபன்பேக்கியாவுக்கு வியன்னா அரண்மனைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் டிஃபன்பாக் பெயரை வைத்தார்கள். அதே 1829-ல்தான் அதுவும். ஆனால் கரீபியத் தீவுகளில் அதற்கு ஊமைக்கரும்பு என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சு வராது. கரும்புத் தோட்ட அடிமைகளுக்குத் தண்டனையாக அதை வாயில் தேய்த்தார்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. இன்று பேங்க் வரவேற்பறையில் அழகாக நிற்கும் செடிக்கு அப்படி ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் விஷம் என்ன என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கும், சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும், அதற்காகப் புளி சேர்ப்போம். அதே சங்கதிதான். கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகங்களாக இலையிலும் தண்டிலும் இருக்கிறது. பூனை மணி பிளான்ட் இலையைக் கடித்தால் அந்த ஊசிகள் நாக்கிலும் ஈறிலும் குத்தும். எச்சில் வடியும், முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொள்ளும். வேதனைதான், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. கடித்த உடனே எரிவதால் பூனை அதிகம் தின்னவும் தின்னாது. லில்லி அப்படி இல்லை. அது வாயில் எரியாது.

இனி பூனை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷத்துக்கு முந்திய ஒரு மனிதக் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு பூனையைப் புதைத்திருந்ததை 2004-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்தத் தீவில் பூனை இயற்கையாக இருந்ததில்லை. படகில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால் உறவு அவ்வளவு பழையது. ஆனாலும் அது தானியக் களஞ்சிய உறவு. எலி பிடி, பால் குடி, வெளியே போ. நம் ஊரிலும் அப்படித்தானே? "எங்க வீட்டுப் பூனை" என்று சொல்வோம், அது நாலு வீட்டுப் பூனையாக இருக்கும். 1871-ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்பவர் பூனைக் கண்காட்சி நடத்தினார். பூனை பார்த்து ரசிக்கும் பிராணியாகவும் ஆனது அந்தக் காலத்தில்தான். அப்படி இருந்தும் இரவில் கதவைத் திறந்து வெளியே விடுவது நிற்கவில்லை. காரணம் எளிது. பூனை வெளிக்குப் போக வேண்டுமே!

அந்தச் சிக்கலை அவிழ்த்தது ஒரு களிமண் மூட்டை. 1947 ஜனவரி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காசோபோலிஸ் என்ற சின்ன ஊர். பட்டறைத் தரையில் கொட்டும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான களிமண்ணை விற்றுக்கொண்டிருந்த எட்வர்ட் லோவிடம் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் வந்தார். குளிரில் மணல் உறைந்துவிட்டதாம், பூனைக்குச் சாம்பல் போட்டால் வீடெல்லாம் கால் தடம். லோ தன்னிடம் இருந்த களிமண்ணைக் கொடுத்தார். அந்த அம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. உடனே 5 பவுண்டு பைகளில் நிரப்பி, 65 சென்ட் விலை போட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். சும்மா கிடைக்கும் மணலை விட்டுவிட்டு இதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கடைக்காரர் கேட்க, முதலில் இலவசமாகக் கொடுங்கள் என்றாராம் லோ. மிச்சம் சரித்திரம். இன்று ஆன்லைனில் பூனை மண் வாங்கும் என் மாணவர்கள் எல்லோரும் அந்தப் பைக்கு வாரிசுதாரர்கள்.

அதன் பிறகுதான் பூனை இருபத்திநான்கு மணி நேரமும் நாலு சுவருக்குள் வாழும் பிராணியாக ஆனது. கண்ணாடிப் பெட்டியில் வந்த செடியும், களிமண் பையால் உள்ளே தங்கிய பூனையும் ஒரே அறையில் சந்தித்தது அப்போதுதான். வெளியே திரியும் பூனைக்குக் கடிக்க ஆயிரம் புல் உண்டு. உள்ளே அடைந்து கிடக்கும் பூனைக்கு இருப்பது சாடியும் தொட்டியும்தான்.

வெளியே திரிந்த காலத்தில் பூனை எங்கோ போய்ச் செத்திருக்கும். "ரெண்டு நாளா காணோம்" என்பதோடு கதை முடியும். உள்ளே செத்தாலும் என்னவென்று யார் பார்ப்பார்கள்? கால்நடை மருத்துவம் குதிரைக்கும் மாட்டுக்கும் பிறந்த படிப்பு. பிரான்சின் லியோனில் 1761-ல் முதல் கல்லூரி தொடங்கியபோது மாட்டு நோயும் குதிரையும்தான் அவர்கள் கவலை. சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அந்தத் துறைக்கு நாம் வைத்த பெயரையே பாருங்களேன், "கால்நடை". மேய்ச்சலுக்குப் போகும் ஆடு மாடுகளுக்கான சொல் அது. பூனை அதில் எந்த வரிசையில் நிற்கும்? பூனை நோய்களுக்கென்றே பிரிட்டனில் ஒரு அமைப்பு உருவானது 1958-ல்தான்.

இன்னொரு காரணம், பூனையின் உடம்பே தனி. முழுக்க முழுக்க மாமிசம் தின்று வளர்ந்த வம்சம் என்பதால், தாவரங்களிலும் மருந்துகளிலும் இருக்கும் சில பொருட்களை முறிக்கும் வேலையை அதன் கல்லீரல் சரியாகச் செய்யாது. நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம் என்பது அதனால்தான். (இதைத் தனியாக ஒருமுறை சொல்கிறேன்: காய்ச்சல் என்று பூனைக்கு மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள், பாதி வேண்டாம், கால் வேண்டாம்.) ஆக, மனிதனுக்கோ எலிக்கோ ஒன்றும் செய்யாததை வைத்துப் பூனைக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது.

இங்கேதான் என்னை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று. பாயின்செட்டியாவை விடுவித்தது எலிச் சோதனை. சரி. லில்லியை எலிக்குக் கொடுத்திருந்தால்? எலிக்கும் முயலுக்கும் லில்லியால் சிறுநீரகம் கெடுவதில்லை. அதே கூண்டில் ஏற்றியிருந்தால் லில்லியும் நிரபராதி என்று சொல்லி வெளியே வந்திருக்கும்! பூனைக்கு என்ன ஆகிறது என்று தெரிய, பூனைகளையே கணக்கெடுக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் வந்தது தொலைபேசி வழியாக. 1978-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிராணிகளின் நச்சு பாதிப்புக்கென்று ஒரு அவசரத் தொலைபேசி எண் தொடங்கினார்கள். நாய் எதையோ தின்றுவிட்டது, பூனை எதையோ கடித்துவிட்டது என்று நாடு முழுவதிலிருந்தும் கூப்பிட்டார்கள். எதைத் தின்றது, எப்போது, பிறகு என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்கள். 1996-ல் அந்த மையம் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணி நல அமைப்போடு சேர்ந்தது. (1866-ல் நியூயார்க்கில் வண்டிக் குதிரைகள் படும் அடியைப் பார்த்துப் பொறுக்காமல் ஹென்றி பெர்க் ஆரம்பித்த அமைப்பு. அவரைப் பற்றியே ஒரு பதிவு போடலாம்.) இன்று ஆண்டுக்கு லட்சக்கணக்கில் அழைப்புகள். இப்போது எல்லோரும் பகிரும் "பூனைக்கு ஆகாத செடிகள்" பட்டியல்களுக்கு மூலம் பெரும்பாலும் அந்த மையம்தான்.

ஒரு டாக்டரிடம் வருஷத்துக்கு ஒரு பூனை சிறுநீரகம் கெட்டு வந்தால், வயதான பூனைக்கு வருவதுதானே என்று விட்டுவிடுவார். அது நியாயமும்கூட, பூனைகளுக்கு அந்த நோய் சகஜம். பூவைக் கடித்தது திங்கள், உடம்பு விழுந்தது வியாழன் என்றால் வீட்டுக்காரருக்கே பூ ஞாபகம் இருக்காது. ஆனால் நாடு முழுவதும் ஒரே மாதிரிச் சம்பவங்கள் சேரச் சேர, வேறொன்றிலும் ஒற்றுமை இல்லாமல் லில்லியில் மட்டும் ஒற்றுமை இருப்பது தெரிந்துபோயிற்று. ஊருக்கு ஒரு ஓலையாகக் கிடந்ததை ஒரு கணக்குப்பிள்ளை சேர்த்துக் கட்டி வைத்தால்தான் பஞ்சமா இல்லையா என்று தெரியும் என்று வகுப்பில் சொல்வேனே, அதுபோல.

நம் முன்னோர் பூனையையும் செடியையும் சேர்த்துக் கவனிக்காதவர்கள் அல்ல. குப்பைமேனிக்கு இன்னொரு பெயர் என்ன? பூனைவணங்கி. அதன் வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளும், அதைப் பார்த்து வைத்த பெயர். அரளி, ஊமத்தை விஷம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். லில்லிக்கு அப்படி ஒரு ஊர் ஞானம் நம்மிடம் உருவாகவில்லை. ஏனென்றால் அது நம் ஊர்ச் செடியே இல்லை. பசுமைக்குடிலில் விளைந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வரவேற்புக்கும் பிறந்தநாளுக்கும் வீட்டுக்குள் வந்தது நேற்றுத்தான். பூனை அடுக்குமாடிக்குள் அடைந்ததும் நேற்றுத்தான்.

பெயர்க் குழப்பம் வேறு. லில்லி என்று சொன்னதும் நம் பத்திரிகைகள் அல்லி என்று எழுதிவிடும். அல்லி குளத்துப் பூ, அது வேறு. பீஸ் லில்லி சேம்பு வம்சம், மேலே சொன்ன அரிப்புக் கேஸ். நம் மாநிலப் பூ செங்காந்தளை ஆங்கிலத்தில் குளோரி லில்லி என்பார்கள். அதன் விஷம் கால்ச்சிசின், அது பூனைக்கு மட்டுமல்ல, மனிதர் உட்பட எல்லோருக்கும் ஆகாது. கண்வலிக்கிழங்கு என்றால் மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் எச்சரிக்கையோடுதான் தொடுவார்கள். ஒரே பெயரில் மூன்று நான்கு வெவ்வேறு குணம். கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பூனை வளர்க்கும் என் பிள்ளைகளுக்கு: லிலியம் வகைப் பூங்கொத்து யார் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கி, வாசலிலேயே பூனை இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். உயரத்தில் வைத்தேன் என்பதெல்லாம் பூனையிடம் செல்லாது. கடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால்கூட, வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மாற்று மருந்து கிடையாது. நரம்பு வழியாக இரண்டு மூன்று நாள் திரவம் ஏற்றுவதுதான் வைத்தியம், அதைச் சீக்கிரம் தொடங்கினால் நிறையப் பூனைகள் பிழைக்கின்றன. தின்று 18 மணி நேரம் தாண்டிவிட்டால் நம்பிக்கை குறைந்துவிடும். போகும்போது பூவையோ அதன் போட்டோவையோ கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரி திறந்திருக்கும் பிராணி மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று இன்றைக்கே விசாரித்து நம்பரை போனில் போட்டு வையுங்கள். மணி பிளான்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம், கூரையிலிருந்து தொங்கவிட்டால் போதும். பாயின்செட்டியா இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

வார்டின் கண்ணாடிப் பெட்டியில் ஏறி 1860-களில் நம் நீலகிரிக்கு வந்த சிங்கோனாவின் கதையை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன். ஊட்டிக்கார மாணவர்கள் யாரிடமாவது நடுவட்டம் கொய்னா தொழிற்சாலையின் பழைய படம் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.